செல்லாக்காசும் கொட்டாங்கச்சியும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

வீணை என்றதும் நமக்குத் தஞ்சாவூர் நினைவுக்கு வருகிறது. பலா மரத்தில் குடைந்த குடமும், யாளி முகமும், மெழுகில் பதித்த 24 மெட்டுகளும் கண்முன் நிற்கின்றன. சித்தார் என்றதும் அதன் நீண்ட கழுத்தும், கித்தார் என்றதும் வண்ண விளக்கு மேடையும் தோன்றுகின்றன. கருவியைப் புகழ்கிறோம், வாசிப்பவரின் விரல்களைப் புகழ்கிறோம். ஆனால் அந்த விரலுக்கும் கம்பிக்கும் நடுவே, கண்ணுக்கு எளிதில் தெரியாமல், ஒரு சிறு பொருள் இருந்து வேலை செய்கிறதே, அதைப் பற்றி யாராவது நினைத்துப் பார்த்ததுண்டா?

கம்பியைத் தொட்டு, சற்றே இழுத்து, விட்டுவிடுவதுதான் அதன் வேலை. அதற்கு ஆளுக்கொரு பெயர். கித்தார் பழகும் நண்பர்கள் ‘பிக்’ என்கிறார்கள். இசைக்கருவிக் கடைக்காரர் ‘பிளக்ட்ரம்’ என்கிறார். சித்தார் வாசிப்பவர்கள் ‘மிஸ்ராப்’ என்கிறார்கள். என் அப்பா ‘சில்லு’ என்பார். எனக்கு அப்பாவின் சொல்லே பிடித்திருப்பதால் இக்கட்டுரையிலும் அதையே எழுதுகிறேன்.

இந்தச் சில்லு எந்தப் பொருளால் ஆனது என்று தேடப் புகுந்தால் வியப்பாக இருக்கிறது. வீணை வித்துவான்கள் பலர் தம் நகத்தாலேயே மீட்டுகிறார்கள். சிலர் கம்பி வளையத்தை விரலில் மாட்டிக்கொள்கிறார்கள். சித்தாரின் மிஸ்ராப், ஆள்காட்டி விரல் நுனியில் அணியும் கம்பி வளைவு. அரபு நாடுகளின் ‘ஊத்’ என்னும் கருவியை மீட்டும் சில்லுக்கு ‘ரீஷா’ என்று பெயர். அச்சொல்லின் பொருள் இறகு. கழுகின் இறகுத் தண்டைச் சீவி அதனால் மீட்டுவது அவர்கள் பழைய வழக்கம். ஐரோப்பாவில் பியானோவுக்கு முன்பு கோலோச்சிய ‘ஹார்ப்சிகார்டு’ கருவியில், கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு மரத்துண்டு எழும்பும். அதில் செருகியிருக்கும் காக்கை இறகின் தண்டு கம்பியைச் சுண்டிவிட்டு இறங்கும். அரண்மனைகளில் ஒலித்த அந்த இசையின் வேரில் இருந்தது காக்கை இறகு!

நம் தென்பாண்டிச் சீமைக்கு வாருங்கள். வில்லுப்பாட்டில் வில்லின் நாணை அடிப்பது ‘வீசுகோல்’. அங்கே மீட்டல் இல்லை, அடித்தல்தான் உண்டு. ஆனாலும் நாணைத் தொட்டு அதன் ஒலியை எழுப்பிவிட்டு விலகும் வேலையில் அதுவும் சில்லுக்கு உறவே.

உலகில் மிக உயர்ந்தது என்று நெடுங்காலம் கொண்டாடப்பட்ட சில்லு, கடலில் வாழும் அழுங்காமையின் ஓட்டிலிருந்து எடுக்கப்பட்டது. வழவழப்பு, உறுதி, இனிய ஒலி மூன்றும் அதற்கு உண்டு. அதற்காகவும், சீப்புக்கும் அணிகலன் பெட்டிக்கும் ஆகவும் கொல்லப்பட்ட ஆமைகளுக்குக் கணக்கில்லை. 1920களில் செல்லுலாய்டுச் சில்லுகள் வந்தன. பின்னர் நைலானும் பிற பிளாஸ்டிக்குகளும் வந்தன. 1977 முதல் அழுங்காமை, பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்ட உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. விலை உயர்ந்த அந்தப் பொருள் போய்விட்டது, இசை போய்விடவில்லை. இதிலிருந்தே ஓர் உண்மை விளங்குகிறதல்லவா? கம்பிக்குச் சில்லின் விலை தெரியாது. தன்னைத் தொடும் ஓரம் எப்படிப்பட்டது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

இந்த உண்மைக்கு நான் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த சான்று ஓர் ஆறு பென்னி நாணயம்.

இங்கிலாந்தில் ‘குயின்’ என்ற புகழ்பெற்ற இசைக்குழுவின் கித்தார் கலைஞர் பிரையன் மே. அவர் சிறுவனாக இருந்தபோது நல்ல மின்சாரக் கித்தார் வாங்கும் அளவுக்கு வீட்டில் வசதி இல்லை. மின்னணுத் தொழில் அறிந்த அவருடைய தந்தையும் அவரும் சேர்ந்து 1963-இல் ஒரு கித்தாரைத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். அதன் கழுத்து, ஒரு பழைய கணப்படுப்பின் மேலிருந்த மரச்சட்டம். கம்பிகளின் இழுவிசையைத் தாங்கும் சுருள்வில்கள், 1928-ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிள் ஒன்றின் வால்வு சுருள்வில்கள். விரல் வைக்கும் இடங்களைக் காட்டும் புள்ளிகள், தாயாரின் தையற்பெட்டியில் கிடந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். ஒலியை அசைக்கும் கைப்பிடியின் நுனியில் ஒரு பின்னல் ஊசியின் முனை! அந்தக் கித்தாரைத்தான் அவர் பின்னாளில் உலக மேடைகளில் வாசித்தார்.

அதை மீட்ட அவர் எடுத்துக்கொண்டது ஆறு பென்னி நாணயம். பிளாஸ்டிக் சில்லு வளைந்து கொடுக்கிறது. அதனால் கம்பியில் நடப்பது விரலுக்கு எட்டுவதில்லை என்பது அவர் கருத்து. நாணயம் வளையாது. அதன் விளிம்பில் உள்ள நுண்ணிய வரிகள் கம்பியில் உரசும்போது சொல்லின் முதலெழுத்தைப் போல ஒரு சிறு கரகரப்பு எழும். நாணயத்தைச் சற்றுத் திருப்பிப் பிடித்தால் கரகரப்பு கூடும். நேராகப் பிடித்தால் குறையும். 1971-இல் இங்கிலாந்து பதின்மப் பணமுறைக்கு மாறிய பிறகு அந்த நாணயம் இரண்டரைப் புதுப்பென்னி மதிப்பில் சில காலம் ஓடி, 1980-இல் செல்லாக்காசாயிற்று. கடைத்தெருவில் செல்லாத காசு கம்பியின் மேல் மட்டும் செல்லுபடியாகிக்கொண்டே இருந்தது.

அவர் நம் துறைக்காரர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1968-இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியலில் இளநிலைப் பட்டம் பெற்றவர். இசைக்காக நிறுத்தி வைத்த முனைவர் பட்ட ஆய்வை, விண்வெளித் தூசியைப் பற்றி எழுதி, 2007-இல் முடித்தார்.

இலண்டனில் ஒரு தந்தையும் மகனும் செய்த காரியத்தை நான் இவ்வளவு ஆர்வத்தோடு தெரிந்துகொண்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது எங்கள் வீட்டுச் சுவரில், துணிப்பையில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

என் அப்பா படித்தது ஐந்தாம் வகுப்பு. பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளில் மரம் ஏறியவர். அவரிடம் ஒரு புல்புல்தாரா உண்டு. நான் பிறப்பதற்கு முன்பு, ஒரு திருவிழாக் கடையில் யாரோ வாசித்துப் பழசாக்கியதை விலைபேசி வாங்கியது. புல்புல்தாராவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: நீண்ட பெட்டியின் மேல் எஃகுக் கம்பிகள் ஓடும். அவற்றின் மேல் தட்டச்சுப் பொறியில் இருப்பவை போன்ற பொத்தான்கள் வரிசையாக இருக்கும். இடக்கை பொத்தானை அழுத்த, வலக்கை சில்லால் மீட்ட வேண்டும். இதன் மூதாதை ஜப்பானில் பிறந்தது. நகோயா நகரில் மொரிதா கோரோ என்பவர் 1912-இல் தட்டச்சுப் பொறியின் கட்டைகளைக் கண்டு, அவற்றைக் கம்பிக் கருவியோடு இணைத்து உருவாக்கினாராம். கடல் கடந்து வந்து அது நம் நாட்டில் புல்புல்தாரா ஆயிற்று. பஜனை மடங்களிலும், திருமண வீடுகளிலும், இரயில் பெட்டிகளிலும் ஒலித்தது. சுரம் எழுதப் படிக்கத் தெரியாதவரும் காதால் கேட்டு வாசிக்கக் கூடிய கருவி அது.

அப்பா அப்படித்தான் வாசித்தார். மார்கழி மாதம் முழுவதும் விடியற்காலையில் எங்கள் ஊர்ப் பஜனைக் குழுவில் ஆர்மோனியத்துக்கும் டோலக்குக்கும் நடுவே அவருடைய புல்புல்தாரா கேட்கும். திருப்பாவையும் திருவெம்பாவையும் எனக்கு ஏட்டிலிருந்து அறிமுகமாகவில்லை. அந்தக் கம்பி ஒலியோடு சேர்ந்தே அறிமுகமாயின.

2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் கரை கடந்தது. அன்று காலை நாங்கள் கண்ட காட்சியை எங்கள் பகுதி மாணவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அப்பா ஏறிய தோப்பில் நின்ற மரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏற மரமில்லாதவர் கயிற்று ஆலை ஒன்றுக்கு வேலைக்குப் போனார். நான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிய ஆண்டு, நார் உரிக்கும் எந்திரத்தில் சிக்கி, அவருடைய வலக்கை ஆள்காட்டி விரலின் மேற்கணு போயிற்று.

புண் ஆறியது. அவர் மீண்டும் வேலைக்குப் போனார். ஆனால் சில்லைப் பிடிக்க முடியவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரல் நுனிக்கும் நடுவே பிடிப்பதுதான் சில்லு. கட்டைவிரலோடு நடுவிரலைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். இரண்டு மீட்டலுக்குள் அது திரும்பிக்கொள்ளும். நான்காவது மீட்டலில் பெட்டிக்குள் விழும். வெறும் விரலால் மீட்டினால் புல்புல்தாரா முனகுமே தவிரப் பேசாது. ஒரு நாள் அதைத் துணிப்பையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டார். அந்த மார்கழியிலும் பஜனைக்குப் போனார்; கூட்டத்தின் பின்வரிசையில் நின்று கைதட்டிவிட்டு வந்தார். அதைப் பற்றி வீட்டில் ஒரு சொல்லும் பேசியதில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். என் இயற்பியல் செய்முறைப் பதிவேட்டை அப்பா சில இரவுகளில் புரட்டிப் பார்ப்பார். எழுத்து புரியாவிட்டாலும் படங்களைப் பார்ப்பார். ஒரு நாள் சுரமானியின் படத்தில் விரலை வைத்து, “இது என்னடா தம்பி, கம்பி கட்டியிருக்கு?” என்று கேட்டார்.

“கம்பியோட நீளம், இழுவிசை இதுக்கெல்லாம் சத்தம் எப்படி மாறுதுன்னு பார்க்கிறதுப்பா.”

“அதுக்கு இவ்வளவு கணக்கா? மாறும்னு எனக்கே தெரியுமே” என்று சிரித்தார்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். எனக்கோ அது ஒரு கேள்வியாகவே நின்றுவிட்டது. மூன்றாண்டுப் படிப்பு வீட்டுச் சுவரில் தொங்கும் கருவி வரைக்கும் எட்டாது என்றால், அது எதற்கு எட்டும்? வேலை கிடைக்கும், கிடைக்காமலும் போகலாம். அதற்கு முன்பாக, படித்ததை ஒருமுறையாவது அப்பாவின் கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

வகுப்பில் படித்ததை முதலில் நினைவுபடுத்திக்கொண்டேன். சில்லு கம்பியை ஓரிடத்தில் இழுக்கும்போது கம்பி முக்கோணத்தின் இரு பக்கங்களைப் போல நிற்கிறது. சில்லு விலகியதும் அந்த முக்கோணம் உடைந்து, அடிப்படை அதிர்வெண்ணும் அதன் 2, 3, 4 மடங்கு அதிர்வெண்களும் ஒன்றாக எழுகின்றன. கம்பியைச் சரியாக நடுவில் மீட்டினால் 2, 4, 6 மடங்குகள் எழுவதில்லை. ஏனெனில் அவற்றுக்கெல்லாம் நடுப்புள்ளி அசையாத இடம். தாமஸ் யங் என்ற அறிஞர் கண்டு சொன்ன விதி இது. பாலத்துக்கு அருகில் மீட்டினால் மேல் மடங்குகள் மிகுந்து ஒலி பளிச்சென்று இருக்கும். முக்கோணத்தின் மூலை கூர்மையாக இருந்தாலும் அப்படியே. விரற்சதை அந்த மூலையை மழுக்கிவிடுகிறது. அதனால்தான் வெறும் விரலில் புல்புல்தாரா முனகியது.

ஆக, சில்லுக்கு வேண்டியவை மூன்று. ஓரம் கூராக இருக்க வேண்டும். வளையாத உறுதி ஓரளவு வேண்டும்; மிக வளைந்தால் கம்பியைப் போதிய அளவு இழுப்பதற்குள் நழுவிவிடும். மூன்றாவது, பிடித்த கையில் திரும்பாமல் நிற்க வேண்டும். முதல் இரண்டும் எல்லோருக்கும் பொது. மூன்றாவது அப்பாவுக்கே உரியது.

பிறகு வீட்டில் உள்ள பொருள்களையெல்லாம் சோதிக்கத் தொடங்கினேன். ஆய்வக உதவியாளரிடம் அனுமதி கேட்டுத் திருகு அளவியால் ஒவ்வொன்றின் தடிமனையும் அளந்து ஒரு பழைய நோட்டில் குறித்தேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு அவரே தம் சட்டைப் பையிலிருந்த பேனா மூடியின் கொக்கியை ஒடித்துக் கொடுத்து, “இதையும் பாருப்பா” என்றார்.

காலாவதியான வங்கி அட்டை முதலில் வந்தது. தடிமன் 0.76 மி.மீ. முக்கோணமாக வெட்டி ஓரத்தைத் தேய்த்தால் கடையில் விற்கும் சில்லுக்கு ஒரு குறையும் இல்லாத ஒலி. விடுதியில் கித்தார் பழகும் நண்பன் இன்றுவரை அதைத்தான் வைத்திருக்கிறான். சிம் அட்டையைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் சட்டமும் அதே தடிமன்தான். ஓட்டை இருப்பதால் சீக்கிரம் முறிகிறது. ஐஸ்கிரீம் டப்பாவின் மூடி வளைந்து வளைந்து ‘பொத்’ என்ற ஒலியே தந்தது. சீப்பின் பிடியை ஒடித்துத் தேய்த்தது உறுதியாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் நுனி தெறித்தது. சேவல் இறகின் தண்டு தந்த ஒலி போல் இனிமையான ஒலியை நான் கேட்டதில்லை. ஆனால் புல்புல்தாராவின் எஃகுக் கம்பி அரை மணி நேரத்தில் அதை நார் நாராகக் கிழித்துவிட்டது.

அப்பாவின் கையை எடுத்த எக்ஸ்ரே படம் பரணில் இருந்தது. அந்தப் படலம் மெல்லியது, 0.2 மி.மீ.கூட இல்லை. நான்காக ஒட்டினால் சரியாக வரும் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். அம்மா பதறிப்போய், “கையை வெட்டாதேடா!” என்று பிடுங்கிக்கொண்டார். எலும்பு தெரியாத கறுப்பு மூலையை மட்டும் வெட்டிக்கொள்ள இரண்டு நாள் கழித்து அனுமதி கிடைத்தது. ஒட்டிய படலம் ஒலி தந்தது. அப்பாவின் விரலில் நிற்கவில்லை.

அக்கா தைக்கும்போது விரலில் மாட்டும் இரும்புத் தொப்பியை, வெட்டுப்பட்ட விரலில் மாட்டி, அதன் நுனியில் மிஸ்ராப் போலக் கம்பியை வளைத்துக் கட்டிப் பார்த்தோம். நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. ஆனால் ஒவ்வொரு மீட்டலிலும் தொப்பி ஆறிய தழும்பின் மேல் இடித்தது. அப்பா முகத்தைச் சுளிக்கவில்லை. இருந்தும் அக்காவே அதைக் கழற்றிவிட்டாள்.

நாணயத்தையும் நீட்டினேன். அப்பா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடமே திருப்பித் தந்தார். “லட்சுமியக் கொண்டாந்து கம்பியில தேய்க்கச் சொல்றியே” என்றார். இலண்டன் கதையைச் சொன்னேன். “அவங்க ஊரு காசு, அவங்க தேய்க்கலாம்” என்றார். அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்?

பொருளை மாற்றிக்கொண்டே போவதைவிட, பிடி ஏன் திரும்புகிறது என்று கணக்குப் பார்ப்பது நல்லது என்று பட்டது. கம்பி, சில்லின் நுனியைத் திருப்பித் தள்ளுகிறது. அந்த விசையை, நுனியிலிருந்து பிடி வரையுள்ள தொலைவால் பெருக்கினால் திருப்புத்திறன் கிடைக்கும். அதை எதிர்த்து நிறுத்துவது விரல்களின் பிடி. ஆள்காட்டி விரலின் மேற்கணு செய்துவந்த வேலை அதுவே. இப்போது நுனிக்கும் பிடிக்கும் உள்ள தொலைவைக் குறைக்க வேண்டும். பிடிக்கும் பரப்பைக் கூட்ட வேண்டும். மிஞ்சியிருக்கும் குட்டை விரலும் சாய்ந்துகொள்ள ஓர் இடம் வேண்டும். அப்படியானால் மெல்லிய தகடு பயன்படாது. தடித்த, அகலமான, கொஞ்சம் குழிந்த ஒரு பொருள் வேண்டும்.

அந்த வாரம் கல்லூரி நூலகத்தில் இந்திய இசைக்கருவிகளைப் பற்றிய நூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வடநாட்டுச் ‘சரோட்’ கருவியை மீட்டும் சில்லுக்கு ‘ஜவா’ என்று பெயர் என்றும், அது தேங்காய் ஓட்டில் செய்யப்படுகிறது என்றும் இருந்தது. கையில் தடிப்பாகப் பிடித்து, வலுவாக மீட்டுவது அது. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தென்னை வளராத ஊர்க் கலைஞர்கள்கூடத் தேடிப் பிடித்து வைத்திருக்கும் பொருளை, நாங்கள் தினமும் அடுப்பில் எரித்துக்கொண்டிருந்தோம்!

முற்றிய தேங்காயின் கொட்டாங்கச்சி ஒன்றை எடுத்து நாரைச் சுரண்டினேன். பென்சிலால் பாதி வெற்றிலையைப் போல வரைந்துகொண்டு, ஆக்சா பிளேடால் அறுத்தேன். முதல் துண்டு பிளந்துவிட்டது. ஓட்டில் ஏற்கெனவே மயிரிழை விரிசல் இருந்திருக்கிறது. இரண்டாவது ஒழுங்காக வந்தது. தடிமன் 3.4 மி.மீ. சிமெண்டுப் படியில் தேய்த்து உருவாக்கி, உப்புத்தாளால் வழவழப்பாக்கி, உடைந்த கண்ணாடியால் ஓரத்தைச் சீவித் தேங்காயெண்ணெய் தடவினேன். கறுத்துப் பளபளத்தது. பின்பக்கம் வழுக்காமல் இருக்கச் சைக்கிள் டியூபிலிருந்து மெல்லிய நாடா ஒன்றை அறுத்துச் சுற்றினேன்.

வேலையிலிருந்து வந்த அப்பா வாசலில் நின்று பார்த்தார். “என்னடா தம்பி, கொட்டாங்கச்சியில கப்பல் செய்றியா?”

“அப்பா, இதைக் கொஞ்சம் புடிச்சுப் பாருங்க.”

கட்டைவிரலும் நடுவிரலும் பக்கங்களைப் பற்றிக்கொண்டன. வெட்டுப்பட்ட குட்டை விரல் தானாகவே நகர்ந்து ஓட்டின் உட்குழிவில் போய் உட்கார்ந்தது. அந்தக் குழிவை நான் செதுக்கவில்லை. தேங்காய்க்கு அது பிறவியிலேயே உள்ளது. நான் தேய்த்தது ஓரத்தை மட்டும்தான்.

துணிப்பை ஆணியிலிருந்து இறங்கியது. கம்பிகள் இறங்கிப்போயிருந்தன, முறுக்கிச் சுருதி சேர்க்கவே நேரம் ஆயிற்று. முதல் மீட்டலில் ஒலி எழுந்தது. பத்தாவது மீட்டலிலும் சில்லு திரும்பவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “தென்னை எடுத்ததைத் தென்னையே குடுத்துருச்சு” என்றார். அப்பா நிமிராமலே, “மரம் எங்க எடுத்துச்சு? மிசினு எடுத்துச்சு” என்றார்.

பிறகு என் இயற்பியலுக்குத் திருத்தம் சொன்னார். மேல் மடங்குகள் மிகுதியாக வரட்டும் என்று ஓரத்தை நான் நன்றாகக் கூராக்கியிருந்தேன். “கீச்சுனு கத்துதுடா. காலங்காத்தால பஜனையில சாமி பயந்துக்கும்” என்று சொல்லி அம்மிக்கல்லில் நுனியை இருபது முப்பது தடவை உரசினார், மீட்டிப் பார்த்தார், மீண்டும் உரசினார். “இழுக்கிறதுல ஒண்ணும் இல்லடா. விடுறதுலதான் இருக்கு சத்தம்” என்றார். நான் சற்று நேரம் பேசவில்லை. முக்கோணம், மூலை, அதிர்வெண் என்று வகுப்பில் ஒரு வாரம் கேட்டதன் சாரம் அவ்வளவுதானே! சில்லு கம்பியைத் தொட்டிருக்கும் வரை இசை இல்லை. அது விலகிய கணத்தில்தான் பிறக்கிறது. அப்பா இதை எந்த நூலிலும் படிக்கவில்லை.

சென்ற மார்கழியில் அப்பா பஜனையின் முன்வரிசையில் உட்கார்ந்தார். எல்லாப் பாட்டுக்கும் வாசித்தார் என்று எழுதினால் அது பொய்யாகும். நிதானமான பாட்டுகளுக்கு வாசித்தார். வேகமான பாட்டு வந்ததும் சில்லை மடியில் வைத்துவிட்டுத் தாளம் போட்டார். கையின் பழைய வேகம் திரும்பவில்லை. குளிர் நாளில் தழும்பு வலிக்கிறது. போன விரலை எந்தக் கொட்டாங்கச்சியும் கொண்டுவந்து கொடுக்காது. ஆனால் பின்வரிசைக்கும் முன்வரிசைக்கும் இடையே இருந்த தூரம் எவ்வளவு என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைக் கடக்க ஒரு துண்டு ஓடு போதுமானதாக இருந்தது.

நண்பர்களே, நம்மில் பலர் முதல்முறையாகக் கல்லூரியைப் பார்த்த வீடுகளிலிருந்து வந்திருக்கிறோம். நல்ல கருவி இல்லை, வசதி இல்லை என்று சொல்லிக்கொள்ள நமக்குக் காரணங்கள் நிறைய உண்டு. அவை உண்மையான காரணங்களே. வறுமையை யாரும் அழகுபடுத்திப் பேச வேண்டாம். என் அப்பாவுக்குப் பத்து விரலும் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே வேண்டியதில்லை. ஆனால் ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் இதன் விலை என்ன என்று கேட்பதோடு நின்றுவிடாமல், இது வளையுமா, இதன் ஓரம் எப்படி, எங்கே பிடிக்கலாம் என்று கேட்கும் பழக்கத்தை நம் படிப்பு நமக்குத் தருமானால், அது வீண்போன படிப்பு ஆகாது. காக்கை இறகை எடுத்தவனும், செல்லாக்காசை எடுத்தவனும், கொட்டாங்கச்சியை எடுத்தவனும் கேட்ட கேள்வி அதுதான்.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா திண்ணையில் உட்கார்ந்து இரண்டாவது சில்லைத் தாமே தேய்த்துக்கொண்டிருக்கிறார். நான் செய்ததில் அவருக்கு ஒரு குறை உண்டாம்: நுனியில் இன்னும் கொஞ்சம் தடிமன் இருக்கிறதாம்.